‘வேர்விதால்’ இல்லாதவர் என்று பதில் நோட்டீஸில் எழுதியிருக்கிறார்கள்: இது அவமதிப்பா, சட்டக் கேள்வியா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

கொங்குப் பகுதியில் இரும்புக்கடை நடத்தும் 46 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு வீட்டுமனையை 38 லட்சம் ரூபாய்க்கு வாங்க, பதிவு செய்யப்பட்ட கிரய ஒப்பந்தம் போட்டு, 8 லட்சம் ரூபாயை வங்கி வழியாக முன்பணமாகக் கொடுத்திருக்கிறார். பாக்கி 30 லட்சத்தைக் கொடுத்துக் கிரயம் முடிக்க 11 மாதக் கெடு. கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது பத்திரப்பதிவுக்கு நாள் கேட்டு இவர் வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை விற்பவர் படித்திருக்கிறார், பதில் சொல்லவில்லை. கெடு கடந்து இரண்டு மாதம் ஆன நிலையில் இவர் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்ப, விற்பவரின் வழக்கறிஞரிடமிருந்து ஆங்கிலத்தில் வந்த பதில் நோட்டீஸில், பாக்கித் தொகையைச் செலுத்துவதற்கான ‘வேர்விதால்’ (wherewithal) இவரிடம் எக்காலத்திலும் இருந்ததில்லை என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த ஒரு சொல் இவரைத் தூங்கவிடவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற எழுத்தர் அதற்கு ‘வக்கற்றவர்’ என்று பொருள் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் சொல்லை மூன்றாகப் பிரித்து, ‘எங்கே, எல்லாவற்றோடும்’ என்று பொருள் வருவதாகச் சொல்ல, முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் காட்டினால்தான் சட்டம் ஏற்கும் போலிருக்கிறது என்று இவர் முடிவு கட்டியிருக்கிறார். உறவினர் ஒருவரோ, வேர், வித்து, ஆல் மூன்றும் சேர்ந்த தமிழ்ச்சொல்தான் இது என்று வாதாடியிருக்கிறார். இப்போது இவர் கேட்பவை மூன்று: இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அவதூறு வழக்குப் போடலாமா, குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வட்டிக்கு 30 லட்சம் வாங்கி வங்கியில் போட்டு வைக்கட்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அப்படி ஒரு கட்டாயத்தைச் சட்டம் உங்கள்மேல் சுமத்தவில்லை. அந்தச் சொல்லைத் தவறாகப் பிரித்ததிலிருந்து பிறந்த பயம் இது என்பதால், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இது லத்தீன் சட்டச்சொல் என்று நீங்கள் நினைத்திருப்பதாகக் கடிதத்தின் ஒரு வரியிலிருந்து தெரிகிறது. நீதிமன்ற ஆங்கிலத்தில் லத்தீனும் பிரெஞ்சும் நிறையக் கலந்திருப்பதால் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் இந்தச் சொல் முழுக்க முழுக்க ஆங்கிலத்தின் சொந்த வேர்களிலிருந்து வந்தது. உங்கள் மகன் பிரித்த துண்டுகள் சரியானவை, அவற்றைக் கூட்டிய விதம்தான் தவறு. ‘வேர்’ என்ற முதல் துண்டு தனியாக நிற்கும்போது ‘எங்கே’ என்று இடத்தைக் கேட்கிறது. இன்னொரு சிறு சொல்லோடு ஒட்டும்போது அது ‘எது’ என்ற பொருளுக்கு மாறிவிடும். பத்திரங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ‘வேர்பை’, ‘வேராஃப்’ போன்ற சொற்கள் இப்படித்தான் ‘எதனால்’, ‘எதனுடைய’ என்று பொருள்படுகின்றன. ஆகவே ‘வேர்வித்’ என்றால் ‘எதைக் கொண்டு’.

கடைசித் துண்டான ‘ஆல்’ தனியே ஒட்டியதன்று. ‘வித்’ என்பதோடு ‘எல்லாம்’ என்ற பொருளுடைய அந்தச் சொல் சேர்ந்து, இடைக்கால ஆங்கிலத்திலேயே ‘விதால்’ என்று ஒரே சொல்லாகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்தது ‘மித் எயால்லெ’ என்ற தொடர். அக்காலத்தில் ‘உடன்’ என்பதற்கு ‘மித்’ என்றே சொன்னார்கள்; ஜெர்மன் மொழியின் ‘மிட்’ அதன் உறவு, மருத்துவச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் ‘பெண்ணுடன் இருப்பவள்’ என்ற பொருளில் அது இன்றும் ஒளிந்திருக்கிறது. ‘வித்’ என்பதற்கோ பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்பது முதன்மைப் பொருள்; எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ அதன் எச்சம். பிறகு ‘மித்’ வழக்கொழிய, அதன் இடத்தை ‘வித்’ பிடித்துக்கொண்டது. இந்த மாற்றத்தின் வழியாக வந்த ‘விதால்’ நாளடைவில் ‘எல்லாவற்றோடும்’ என்ற எடையை இழந்து, ‘கூட’, ‘கொண்டு’ என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. எனவே முழுச்சொல்லில் ‘எல்லாம்’ எழுத்தாக இருக்கிறது, பொருளாக இல்லை. முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் காட்ட வேண்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இந்தச் சொல்லில் இடமே கிடையாது.

16ஆம் நூற்றாண்டில் இது ஒரு வினாச்சொல்லாகவும் இணைப்புச்சொல்லாகவும் புழங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், 119ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம் இந்தச் சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. ஓர் இளைஞன் தன் வழியை எதைக் கொண்டு தூய்மையாக்குவான் என்பது அங்கே கேள்வி. தமிழ்த் திருச்சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘எதினால்’ என்று இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஒரு தமிழ்ச்சொல்லை அகராதிகளில் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நம் மூன்றாம் வேற்றுமையின் கருவிப்பொருள்தான் அந்த ஆங்கிலச் சொல்லின் உயிர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கேள்வியே ஒரு பெயர்ச்சொல்லாக உறைந்தது. ‘எதைக் கொண்டு செய்வது’ என்பதில் வரும் ‘எது’, செய்வதற்குத் தேவையான பொருளையும் வசதியையும் குறிக்கும் பெயராகிவிட்டது. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் பழைய வாடை வீசும் சொல்லாக இருந்தாலும், நம் நாட்டுத் தீர்ப்புகளில் ‘ஃபைனான்ஷியல் வேர்விதால்’ என்ற தொடர் இன்றும் அடிக்கடி வருகிறது.

உங்கள் உறவினரின் வாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன், மொழிப்பற்றில் வந்த வாதம் அது. ஆனால் ‘எதனால்’ என்பதில் இருக்கும் நம் ‘ஆல்’ உருபும், அந்தச் சொல்லின் இறுதியில் கேட்கும் ‘ஆல்’ ஓசையும் தற்செயலாக ஒத்திருப்பவை. அவற்றை வைத்து உறவு கற்பிக்க முடியாது. ஒரு சொல்லின் பிறப்பை அதன் பழைய வடிவங்களைக் கொண்டுதான் நிறுவ வேண்டும், நிலத்தின் உரிமையை மூலப்பத்திரங்களைக் கொண்டு நிறுவுவதுபோல.

‘வக்கு’ என்று சொன்னவர் எங்கே தவறினார்?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முற்றிலும் தவறாகச் சொல்லிவிடவில்லை. ‘வக்கு’ என்பதற்கு வழி, வசதி என்பதே அடிப்படைப் பொருள். இரண்டு சொற்களும் வாக்கியத்தில் நடந்துகொள்ளும் முறைகூட ஒன்றுபோல் இருக்கிறது. ‘கடனைக் கட்ட வக்கில்லை’ என்று நாம் ஒரு செயலோடு சேர்த்து, பெரும்பாலும் இல்லை என்பதற்காகவே அந்தச் சொல்லை எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் இது ‘இன்னதைச் செய்வதற்கான’ என்ற தொடருடன், அதிகமாக எதிர்மறையில்தான் வருகிறது.

வேறுபாடு தொனியில் இருக்கிறது. ‘வக்கில்லாதவன்’ என்பது தமிழில் வசைச்சொல். அதைக் கேட்டவன் பதிலுக்குக் கை ஓங்குவான். ஆங்கிலச் சொல்லில் அந்த ஏளனம் கிடையாது. ஒரு நாட்டின் அரசுக்குக்கூட இன்ன திட்டத்தை நிறைவேற்ற ‘வேர்விதால்’ இல்லை என்று மரியாதையாக எழுதலாம். பணம் மட்டுமின்றி ஆள், கருவி, திறமை எல்லாவற்றையும் அது தழுவும். ‘பொருள்கருவி காலம் வினைஇடனொடு ஐந்தும்’ என்ற குறளில் முதலில் நிற்கும் பொருளையும் கருவியையும் சேர்த்து ஒரே சொல்லாக எண்ணிக்கொண்டால், நோட்டீஸில் இருக்கும் சொல்லின் மனநிலை உங்களுக்கு விளங்கும். நான் மொழிபெயர்த்திருந்தால் அந்த வரியை ‘பாக்கித் தொகையைச் செலுத்துவதற்கான பணவசதி உங்கள் கட்சிக்காரரிடம் எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்று எழுதியிருப்பேன். இதைப் படிக்கும்போது கோபம் வரலாம், அவமானம் வராது.

அவதூறு வழக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் தன் உரிமையைக் காத்துக்கொள்வதற்காக நல்லெண்ணத்தோடு சொல்லும் கூற்றுக்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. உங்கள் நோட்டீஸுக்குப் பதிலாக, உங்கள் வழக்கறிஞருக்கு எழுதிய வரியை அவதூறு என்று நிலைநாட்டுவது மிகக் கடினம். நீதிமன்றம் உங்களை ‘ஏழை’ என்று முத்திரை குத்திவிடுமோ என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. நீதிமன்றக் கட்டணம் செலுத்தப் போதிய வசதியில்லாதவரைப் பற்றிய விதிகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் ஆணையில் தனியாக இருக்கின்றன. அங்கே முன்பு இருந்த ‘பாப்பர்’ என்ற இழிவான சொல்லையும் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அதற்கும் உங்கள் வழக்குக்கும் தொடர்பே இல்லை.

அந்தச் சொல்லை எதிர்த்தரப்பு ஏன் தேர்ந்தெடுத்தது?

கோபத்தை ஒதுக்கிவிட்டு நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி கேட்கும் வழக்கை, அதாவது ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கை, 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் ஆள்கிறது. அதன் 16ஆம் பிரிவின் ‘சி’ கூறு, வாங்குபவர் தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. நம் வழக்குரைகளில் இதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். நீதிமன்றமோ இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். ‘விருப்பம்’ நடத்தையில் தெரிவது. ‘தயார்’ என்பது பணம் புரட்டும் வல்லமை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லால் ‘தயார்’ என்ற தூணைத்தான் தட்டிப் பார்க்கிறார். ‘எதைக் கொண்டு கொடுத்திருப்பீர்கள்?’ என்ற பழைய கேள்வி மறுபடியும் கேள்வியாகவே உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கான பதிலை ஆவணங்களால் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. திருஞானம் எதிர் ஜெகன்மோகன் ராவ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், கொடுக்க வேண்டிய தொகை வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்றும், ஒப்பந்த நாளிலிருந்து தீர்ப்பாணை நாள் வரை அவர் தயாராக இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்றும் கூறி, அவர் வசதியில்லாமலே நில வியாபாரத்தில் இறங்கியவர் என்று கண்டு நிவாரணத்தை மறுத்தது.

அதே சமயம், நீங்கள் அஞ்சுவதுபோல் பணத்தைக் கட்டி வைத்துக் காவல் காக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. 16ஆம் பிரிவின் விளக்கமே, நீதிமன்றம் ஆணையிட்டால் ஒழிய, பணத்தை விற்பவரிடம் நீட்டவோ நீதிமன்றத்தில் கட்டவோ தேவையில்லை என்கிறது. பேங்க் ஆஃப் இந்தியா எதிர் சினாய் வழக்கில் 1949இல், அக்காலத்தில் நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், வாங்குபவர் பணத்தைக் கொண்டுவந்து காட்டவோ, நிதி திரட்டும் ஏற்பாடு முழுதாக முடிந்துவிட்டதாக நிறுவவோ அவசியமில்லை என்று சொன்னது. சுக்பீர் சிங் எதிர் பிரிஜ் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்த நாளிலிருந்து தீர்ப்பாணை வரை பணத்தைச் சுமந்து திரிய வேண்டியதில்லை, செலுத்தும் வல்லமையைக் காட்டினால் போதும் என்றது. வங்கிக்கடனும் உறவினர் தரும் பணமும்கூட இந்த வல்லமையில் சேரும், அவை வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடாதவரை.

நேற்று வட்டிக்கு வாங்கி இன்று கணக்கில் போட்ட 30 லட்சம் இன்றைய இருப்பைத்தான் காட்டும். கெடு முடிந்த இரண்டு மாதத்துக்கு முந்தைய உங்கள் நிலையைக் காட்டாது. குறுக்கு விசாரணையில் அந்த வட்டிக்கடனே ‘அப்போது இவரிடம் இல்லை’ என்பதற்குச் சான்றாகத் திரும்பவும் கூடும். வீடும் போய் வழக்கும் பலவீனமாகும் ஒரு வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம்

நீங்கள் எழுதியிருப்பவை: வைப்புத்தொகை 9 லட்சம், வங்கி எழுத்தில் ஒப்புதல் தந்த மனைக்கடன் 14 லட்சம், சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் தருவதாகச் சொன்ன 5 லட்சம், உங்கள் மனைவியின் நகை 4 லட்சம் மதிப்புக்கு. ஆக 32 லட்சம். பாக்கிக் கிரயத் தொகையான 30 லட்சத்துக்கு இது போதும். ஆனால் பத்திரச் செலவை நீங்கள் எங்கும் குறிப்பிடவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். ஒப்பந்த விலையையே மதிப்பாக எடுத்துக்கொண்டாலும் 3,42,000 ரூபாய் வரும். மொத்தத் தேவை 33,42,000. 1,42,000 ரூபாய் துண்டு விழுகிறது. சட்டப்படி நிரூபிக்க வேண்டிய முதன்மையான தொகை 30 லட்சம்தான் என்றாலும், கூண்டில் நிற்கும்போது ‘பத்திரச் செலவுக்கு என்ன வைத்திருந்தீர்கள்’ என்ற கேள்வி வந்தால் நீங்கள் தடுமாறக் கூடாது. உங்கள் கடையின் நடப்புக் கணக்கில் அந்த மாதங்களில் இருந்த இருப்பு இதற்குப் போதுமா என்று இன்றே பாருங்கள்.

நான்கு ஆதாரங்களும் ஒரே வலுவுள்ளவை அல்ல. வைப்புத்தொகை ரசீது தானே பேசும். வங்கியின் ஒப்புதல் கடிதமும் நல்ல சான்று, கெடு முடிவதற்கு முன் தேதியிட்டது என்பதால் இன்னும் நல்லது. நகை உங்கள் மனைவியுடையது. அதைத் தரச் சம்மதித்திருந்தேன் என்று அவரே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், மதிப்பீட்டுச் சீட்டு இருந்தால் சேருங்கள். மைத்துனர் தொலைபேசியில் சொன்னதுதான் இதில் மெலிந்த இழை. அவர் உங்களுக்கு அந்தக் காலத்தில் அனுப்பிய மின்னஞ்சலோ செய்தியோ இருக்கிறதா என்று தேடுங்கள். அதோடு, அப்போது அவருடைய கணக்கில் 5 லட்சத்துக்குக் குறையாமல் இருந்ததைக் காட்டும் வங்கி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு கடிதம் எழுதி அதற்குப் பழைய தேதி போடும் யோசனையை யாராவது சொன்னால், அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பொய் ஆவணம் ஒன்று உண்மையான மூன்று ஆவணங்களையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடும். மூன்று ஆண்டு வருமானவரிக் கணக்குகளையும் சேர்த்து வையுங்கள். விருப்பத்துக்குச் சான்றான வாட்ஸப் செய்தியை அழிக்காமல், அந்தக் கைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

காலம் பற்றி

கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்பது காலவரையறைச் சட்டத்தின் 54ஆம் கூறு. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று காத்திருந்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும். சாரதாமணி கந்தப்பன் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக் காலவரம்பு என்பதற்காக வாங்குபவர் ஒன்றிரண்டு ஆண்டு காத்திருந்துவிட்டு வரலாம் என்று பொருளில்லை என எச்சரித்திருக்கிறது. மனைவிலை ஏறிக்கொண்டே போகும் ஊர்களில், தாமதம் செய்தவரிடம் பணம் இல்லாததால்தான் தாமதித்தார் என்ற எண்ணம் நீதிபதிக்கு எளிதில் தோன்றும். உங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அடுத்த சில வாரங்களுக்குள் வழக்குரை தயாராகட்டும். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 38 லட்சத்துக்கு 1,14,000 ரூபாய், இதையும் கணக்கில் வையுங்கள்.

கிரயம் கிடைக்காமல் போனால் முன்பணமாவது திரும்ப வர வேண்டும் என்றால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி அதை மாற்றுப் பரிகாரமாக வழக்குரையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காத ஒன்றை நீதிமன்றம் தானாக எடுத்துத் தராது. உங்கள் வழக்கறிஞர் இதைச் சேர்த்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

பதில் நோட்டீஸுக்கு மறுபதில் அனுப்புவதாக இருந்தால் அந்த ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதி வாதாட வேண்டாம். 30 லட்சமும் எந்தெந்த இடத்திலிருந்து வரவிருந்தது என்று நான்கு வரிகளில் எழுதினால் போதும். ஆவணங்களின் நகல்களை இப்போதே இணைப்பதா, வழக்குரையோடு தாக்கல் செய்வதா என்பதை உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். வங்கியின் ஒப்புதல் கடிதம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பாணை வரை நீங்கள் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டியிருப்பதால், அது காலாவதியாகும் முன் கிளைக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய கடிதத்தைக் கொடுத்துவிடாமல், இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.